பாதிக்கு மேலை

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி அக்காவின் மகள் என்னிடம் கேட்டாள். "அம்மா நல்ல மனுசி எண்டு எழுதினாக் காணும், மாமா" என்றாள். ஒரு மணித்தியாலம் பேனையோடு இருந்து பார்த்தேன். வரவில்லை. அக்கா நல்ல மனுசி இல்லை. டென்மார்க்கின் இந்தக் கிரின்ஸ்டெட்டில் எனக்கு மிகவும் பிடித்த மனுசி அவர்தான், அது வேறு கதை. எனக்குச் சொந்தமில்லை, இங்கே எல்லோருக்கும் அவர் அக்கா. கடைசியில் மலருக்கு வேறு யாரோ எழுதிக் கொடுத்தார்கள். பொறுமையின் வடிவம் என்று போட்டிருந்தது. வாசித்துவிட்டுச் சிரித்தேன். அன்று எழுத முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

பொறுமை இருந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் எதற்காக என்று கேட்க வேண்டும். யாராவது அவருக்கு ஒரு கெடுதல் செய்தால் அக்கா சண்டை பிடிக்கமாட்டார், அழமாட்டார். தலையை ஒரு பக்கம் சரித்து, "சரி, வைச்சிருக்கிறன்" என்பார். அவ்வளவுதான். அவருடைய கராஜில் ஒரு ஆள் நீட்டி நிமிர்ந்து படுக்கக்கூடிய குளிர்ப்பெட்டி ஒன்று இருந்தது. கணவாய், ஆட்டிறைச்சி, முருங்கைக்காய் எல்லாம் பெட்டி பெட்டியாக, ஒவ்வொன்றிலும் திகதி ஒட்டி அடுக்கியிருப்பார். மனிதர் செய்ததையும் அவர் அப்படித்தான் வைத்திருந்தார்.

கார் ஓட்டப் பழகிய கதையைச் சொன்னால் விளங்கும். எங்கள் பக்கத்தில் பஸ்ஸை நம்பினால் வேலை போய்விடும், கார் இல்லாமல் முடியாது. அக்கா நாலு தரம் சோதனையில் தவறினார். நாலாம் தரம், அவருடைய கணவரின் தம்பி, "அண்ணி, மாட்டு வண்டிலுக்கு லைசென்ஸ் குடுக்கினமோ எண்டு கேட்டுப் பாருங்கோ" என்று ஒரு பிறந்தநாள் விழாவில் எல்லோருக்கும் முன்னால் சொன்னார். "சரி, வைச்சிருக்கிறன்" என்றார் அக்கா. ஐந்தாம் தரம் சித்தியடைந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் எஸ்பியர்க்கில் இருக்கும் கத்தோலிக்கக் கோவிலுக்குப் பூசைக்குப் போகும்போது அந்த ஆளின் வீட்டுக்கு முன்னால் ஒரேயொரு ஹோர்ன் அடிப்பார். இரண்டு இல்லை, ஒன்று. இந்த நாட்டில் காரணமில்லாமல் ஹோர்ன் அடித்தால் தெரு முழுவதும் யன்னல் சீலையை விலக்கிப் பார்க்கும். பதினொரு வருடம் அடித்தார். அந்த ஆள் வீட்டை விற்றுவிட்டு வேறு தெருவுக்குப் போனார். அக்கா பாதையை அந்தத் தெருப் பக்கம் மாற்றிக்கொண்டார்.

இன்னொரு குடும்பம் மகள் பெரியபிள்ளையானபோது வைத்த சாமத்திய வீட்டுக்கு அவரைக் கூப்பிடவில்லை. பிறகு அதே பிள்ளையின் கலியாணத்துக்கு வந்து கூப்பிட்டார்கள். அக்கா காஞ்சிபுரம் கட்டி, முன் வரிசையில் இருந்து, பரிசும் கொடுத்துவிட்டு, ஒரு பருக்கை சாப்பிடாமல் தண்ணீர் மட்டும் குடித்தார். பெண்ணின் தாய் வந்து கையைப் பிடித்துக் கெஞ்சினாள். "அண்டைக்கு உங்கடை வீட்டிலை சாப்பிட எண்டு பசியோடை இருந்தனான் பிள்ளை. இப்ப பசிக்கேல்லை" என்றார் அக்கா. அந்தத் தாய் தன் மகளின் கலியாணப் படம் எல்லாவற்றிலும் அழுத முகத்தோடு நிற்கிறாள்.

சரி, விசயத்துக்கு வருகிறேன். எங்களுக்கு ஒரு தமிழர் ஒன்றியம் உண்டு. கிரின்ஸ்டெட், பிராண்டே, சுற்றியுள்ள ஊர்க் குடும்பங்கள் எல்லாம் அதில் அங்கத்தவர்கள். பொங்கல், ஒளிவிழா, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எல்லாம் அதற்குக் கீழே. வருடத்துக்கொரு பொதுக்கூட்டம், தலைவர் தெரிவு. ஆனால் யார் போட்டியிடலாம் என்பதை நாங்கள் முடிவு செய்வதில்லை. தெரிவுக் குழு என்று ஐந்து ஆம்பிளைகள் இருந்தார்கள். எல்லோரும் ஒன்றியத்தைத் தொடங்கியவர்கள், எல்லோரும் யாழ்ப்பாணத்தில் பக்கத்துப் பக்கத்து ஊர். அவர்கள் ஒரு வரவேற்பறைக்குள் இருந்து மூன்று பெயர் எழுதிக்கொண்டு வருவார்கள். அந்த மூன்றுக்குள்தான் நாங்கள் வாக்குத் துண்டில் புள்ளடி போடலாம். கூடுதலாக எடுத்தவர் தலைவர். கூடுதல் என்றால் மூன்றில் ஒரு பங்கு வந்தாலும் கூடுதல்தான். ஐந்து பேரில் ஒருவர்தான் தலைவர் அண்ணை. ஒவ்வொரு வருடமும் அவருடைய பெயர் அந்த மூன்றில் ஒன்று. ஒவ்வொரு வருடமும் அவர்தான் வென்றார்.

அக்கா மன்னார்க்காரி, கத்தோலிக்கர், கணவரை இழந்தவர், தொழிற்சாலையில் இறைச்சி பொதி செய்கிறவர். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை ஆறு வருடம் ஒரு சதம் வாங்காமல் நடத்தியவரும், விழாக்களுக்கு இறைச்சி வைத்த ரோல்ஸ் பொரித்துக் கொடுத்தவரும் அவர்தான். ஒரு பொதுக்கூட்டத்தில் எழும்பி, "இந்த முறை என்ரை பேரையும் போடுங்கோ" என்று கேட்டார். தலைவர் அண்ணை மைக்கைக் கையில் எடுத்து, மிகவும் அன்பாகச் சொன்னார். "அக்கா, உங்கடை ரோல்ஸ் மாதிரி ரோல்ஸ் இந்த யூலண்டிலையே இல்லை. நீங்கள் குசினியைப் பாருங்கோ. இதை நாங்கள் பாக்கிறம்."

மண்டபம் சிரித்தது. தெரிவுக் குழு ஐந்தும் மேசையில் தட்டிச் சிரித்தது. நானும் சிரித்தேன். கடைசி வரிசையில், சுவரோடு சாய்ந்து நின்று சிரித்தேன். அக்கா ஒரு முறை மெதுவாகச் சுற்றிப் பார்த்தார். "சரி, வைச்சிருக்கிறன்" என்றார். அடுத்த மாதம் தமிழ் வகுப்பு தலைவர் அண்ணையின் மச்சாளின் கைக்குப் போனது. அன்றிலிருந்து ஒன்றியத்துக்கு அக்கா ஒரு ரோல்ஸ் சுட்டுக் கொடுக்கவில்லை.

இப்போது என் பங்கு. அதற்குப் பிறகு மூன்று வருடம் தெரிவுக் குழு போட்ட மூன்று பெயரில் ஒன்று என்னுடையது. "தம்பி, இளைய ஆக்கள் முன்னுக்கு வரவேணும். நீர் நில்லும்" என்று தலைவர் அண்ணை தோளில் தட்டினார். எனக்குத் தலைகால் தெரியவில்லை. புதுக் கோட் வாங்கினேன். பிராண்டேயில் காற்றாலை வேலை செய்கிற இளம் குடும்பங்கள் எனக்குப் போட்டார்கள். மற்றப் பெயர் ஓய்வுபெற்ற ஒரு எஞ்சினியருடையது. தலைவரைப் பிடிக்காத மற்றவர்கள் அவருக்குப் போட்டார்கள். இரண்டு பேரும் தோற்றோம். மூன்றாம் வருடம் தோற்ற பிறகு தலைவர் அண்ணை வீட்டில் விருந்து. கை கழுவப் போன இடத்தில், அடுத்த அறையில் அவர் தொலைபேசியில் கதைப்பது கேட்டது. "அவனை நிப்பாட்டினாத்தானே வாக்கு உடையும். அதுக்குத்தானே அந்த மொக்கனை நிப்பாட்டுறது."

அந்த மொக்கன், அந்த மடையன், நான்தான். கையைத் துடைத்துவிட்டு வந்து இருந்து, அவர் வீட்டு ஆட்டிறைச்சிக் கறியை முழுவதும் சாப்பிட்டேன். இந்த ஆளை விழுத்தாமல் நான் சாகக்கூடாது என்று நினைத்தேன். கோபம் எல்லோருக்கும் வரும், அடுத்த கிழமை போய்விடும். போகாமல் இருக்க வேண்டுமென்றால் யாரிடம் போவது? நேரே அக்காவின் வீட்டுக்குக் காரை விட்டேன்.

அவர் தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு லாச்சியைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். இரண்டு திருத்தம், ஒன்றியத்தின் சட்டதிட்ட யாப்புக்கு. எழுதி எத்தனையோ காலம், தாளின் மடிப்பு கிழியத் தொடங்கியிருந்தது.

"ஒண்டு, ஆர் விரும்பினாலும் பேர் குடுக்கலாம். அஞ்சு பேற்றை அனுமதி வேண்டாம். எல்லாப் பேரையும் முதல் சுற்றிலை எல்லாச் சனமும் பாக்கட்டும். ரெண்டு, பாதிக்கு மேலை எடுக்காட்டி ஆரும் தலைவர் இல்லை. முன்னுக்கு நிக்கிற ரெண்டு பேரும் திரும்பப் போட்டியிடவேணும்."

"இதை எங்கை பிடிச்சனீங்கள், அக்கா?"

"எங்கடை தொழிற்சாலையிலை. தொழிலாளருக்குப் பிரதிநிதி தெரிவு நடந்தது. ஒரு டெனிஸ் மனுசி என்ரை பேரைக் குடுத்தவ. ஆருக்கும் பாதி வரேல்லை. ரெண்டாம் சுற்றிலை நானும் ஒருத்தனும். தோத்துப்போனன்." தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தார். "எனக்கு நோகேல்லைத் தம்பி. அங்கை தோத்தனான். இங்கை என்னை நிக்கவே விடேல்லை. அதுதான் நோகுது."

யாப்பை மாற்றப் பொதுக்கூட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். அக்காவின் சிவப்புக் காரில் வீடு வீடாகப் போனோம். அவர் ஓட்டுவார், நான் பக்கத்தில். மழைக்குள், காற்றுக்குள், வேலை முடிந்து சீருடையைக்கூட மாற்றாமல். பேச்சு எப்போதும் ஒன்றுதான். "எனக்குப் போடுங்கோ எண்டு கேக்க வரேல்லை. உங்களுக்குப் பிடிச்ச ஆளைப் போடுங்கோ. ஆனால் வெல்லுறவருக்குப் பாதிக்கு மேலை வேணும்." பிராண்டேயில் ஒரு பெரியவர், "ரெண்டு தரம் வாக்குப் போட ஆருக்கு நேரம் கிடக்கு?" என்று கேட்டார். "பொதுக்கூட்டத்திலை ரெண்டு தரம் தேத்தண்ணி குடிக்கிறனீங்கள்தானே அண்ணை, அதுக்கு நேரம் கிடக்கெல்லே" என்றார் அக்கா. அந்த வீட்டு மகள், பள்ளிக்கூட உயர்வகுப்பில் படிக்கிறவள், கைத்தொலைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் டெனிசில் ஏதோ சொன்னாள். அதுதானே சாதாரண ஜனநாயகம், இதற்கு ஏன் இவ்வளவு கதை என்று. அக்கா அந்தப் பிள்ளையை வடிவாகப் பார்த்தார். காரில் ஏறிய பிறகு, "அவளுக்கு எப்ப பதினெட்டு?" என்று கேட்டார்.

முதல் வருடம் தோற்றோம். பெரிய தோல்வி இல்லை, ஆனாலும் தோல்வி. எழுதி அனுப்பிய முன்மொழிவு கிடைக்கவே இல்லை என்று தெரிவுக் குழு சாதித்தது, அங்கத்தவருக்கு அது முன்கூட்டிப் போகவில்லை, கூட்டத்தில் வாசித்துத்தான் வாக்கெடுத்தோம். அடுத்த வருடம் அக்கா பதிவுத் தபாலில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று, ஐந்து பேரின் தபால்பெட்டிக்குள்ளும் ஒவ்வொன்று என்று போட்டார். ஐந்து தபால்பெட்டியையும் படம் எடுத்தும் வைத்தார்.

இருந்தும் மூன்றில் இரண்டு வராது என்பது அவருக்குத் தெரியும். அதனால்தான் பொங்கல் விழாவில் அந்த வேலையைச் செய்தார். நன்றியுரை முடிந்து சனம் சாப்பாட்டுக்கு எழும்புகிற நேரம், மைக்கை வாங்கினார். அவர் மைக் பிடித்து நான் அதற்கு முதல் பார்த்ததில்லை.

"எங்கடை தலைவர் அண்ணையைப் பற்றிச் சனம் ஒரு பச்சைப் பொய் கதைக்குது. இந்தத் திருத்தம் வந்தா அவர் தோத்துப்போவாராம், அதுதான் பயப்பிடுறாராம். எனக்கு மனம் பொறுக்கேல்லை. அவருக்குப் பாதிக்கு மேலை ஆதரவு கட்டாயம் கிடக்கு. இல்லையே அண்ணை?"

தலைவர் அண்ணை பட்டு வேட்டியோடு மேடையில் நின்றார். கைதட்டல் விழுந்தது. அந்த ஆளுக்குக் கைதட்டல் கேட்டால் போதும், மற்றது ஒன்றும் கேட்காது. "நான் ஏன் பயப்பிட? நானே முதல் ஆளாய்க் கையை உயர்த்துறன்" என்றார். தெரிவுக் குழுவில் ஒருவர் அவருடைய சால்வையைப் பின்னாலிருந்து இழுத்ததை நான் கண்டேன். காலம் கடந்துவிட்டது. பொதுக்கூட்டத்தில் அவர் உண்மையிலேயே முதல் ஆளாய்க் கையை உயர்த்தினார். அவருடைய ஆட்கள் என்ன செய்வார்கள், பார்த்துக்கொண்டு அவர்களும் உயர்த்தினார்கள். திருத்தம் இரண்டும் நிறைவேறின.

அடுத்த வருடத் தேர்தலுக்கு மூன்று பேர் பெயர் கொடுத்தோம். தலைவர் அண்ணை, அக்கா, நான். நான் அக்காவிடம் போய், "நான் விலகுறன் அக்கா, என்ரை ஆக்கள் நேரே உங்களுக்குப் போடட்டும். முதல் சுற்றிலேயே முடிச்சிடலாம்" என்றேன்.

"விலகாதையும்" என்றார்.

"ஏன்?"

"அவர் முதல் சுற்றிலை முன்னுக்கு நிக்கவேணும். நிண்டு சிரிக்கவேணும். அந்தச் சிரிப்பை நான் பாக்கவேணும்."

வெல்வதற்கு அது தேவையே இல்லை. ஆனால் பிடித்தது. உண்மையைச் சொன்னால் மிகவும் பிடித்தது. அன்றிரவு நிம்மதியாக நித்திரை கொண்டேன்.

கூட்டத்தை நடத்த ஒரு பொது ஆளை வைப்பது இந்த நாட்டு வழக்கம். அக்கா எங்கள் ஆட்கள் ஒருவரையும் நம்பாமல், நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு டெனிஸ் மனுசியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அவர் எங்கள் பெயர்களைக் கடித்துக் குதறி வாசித்தார். முதல் சுற்றில் தலைவர் அண்ணை முதலாவது, அக்கா இரண்டாவது, நான் மூன்றாவது. ஒருவருக்கும் பாதி இல்லை. இடைவேளை. தலைவர் அண்ணை தேத்தண்ணிக் கோப்பையோடு மேசை மேசையாகப் போய்ச் சிரித்தார். காருக்குள் இருந்த மாலையை எடுத்து வரும்படி மனைவியை அனுப்பினார். அக்கா கதிரையை அவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு இருந்து பார்த்தார். கண்ணை எடுக்கவே இல்லை.

நான் பிராண்டே ஆட்களின் மேசைக்குப் போனேன். மூன்று வருடம் என்னை எதற்கு நிறுத்தினார்கள் என்று, தொலைபேசியில் கேட்டதைச் சொல்லுக்குச் சொல் சொன்னேன். "உங்களையும் சேர்த்துத்தான் மொக்கர் ஆக்கினவை" என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாம் சுற்றில் அக்கா வென்றார். பாதிக்கு மேலே, நன்றாக மேலே. மாலையோடு வந்த தலைவரின் மனைவி அதை என்ன செய்வதென்று தெரியாமல் கைப்பைக்குள் திணித்தார். எனக்கு வயிறு குளிர்ந்தது. எழுதும்போதுகூடக் குளிர்கிறது, மறைக்கவில்லை.

அக்கா மேடைக்குப் போகவில்லை. தலைவர் அண்ணையிடம் போய், "அண்ணை, குசினிப் பக்கம் ஒருக்கா வாங்கோ" என்றார். நானும் பின்னால் போனேன். அங்கே ஒரு பெரிய தட்டு நிறைய ரோல்ஸ். இத்தனை வருடத்துக்குப் பிறகு. அக்கா ஒன்றைக் கடதாசியில் வைத்து அவர் கையில் கொடுத்தார். "சாப்பிடுங்கோ." அவர் சாப்பிட்டார். நின்றுகொண்டு, முழுவதும். அக்கா அவர் விழுங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். தூள் அவர் சட்டையில் கொட்டியது.

"நல்லாயிருக்கோ?"

"ஓம்."

"அப்ப சரி" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, நீரும் ஒண்டு எடும்" என்றார். சந்தோசமாக எடுத்துச் சாப்பிட்டேன். அன்பு என்று நினைத்தேன்.

நல்ல தலைவியாக இருந்தாரா என்று கேட்டால், சுமார். கூட்டங்கள் நேரத்துக்குத் தொடங்கின. ஒரு வருடம் முடிய, "என்ரை வேலை முடிஞ்சுது" என்று விலகிவிட்டார். யாப்பு அப்படியே இருக்கிறது. இப்போது தலைவியாக இருப்பவள் அன்று கைத்தொலைபேசியோடு இருந்த அந்தப் பிராண்டே மகள்தான். இரண்டாம் சுற்றில் வந்தவள். இந்தத் திருத்தத்துக்குப் பின்னால் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை.

போன மாசியில் அக்கா போனார். எஸ்பியர்க் கோவிலில் பூசை முடிய, மகள் என் கையில் ஒரு தாளைத் தந்தாள். கிரின்ஸ்டெட் மயானத்தில் பெட்டியைத் தூக்க வேண்டிய ஆறு பேரின் பெயர். இங்கே அது பெரும்பாலும் சொந்தக்காரரின் வேலை. தாளில் சொந்தக்காரர் ஒருவரும் இல்லை. தெரிவுக் குழு ஐந்து பேர், முதலில் தலைவர் அண்ணை. ஆறாவது நான். எல்லாம் அக்காவின் கையெழுத்து.

ஐந்து கிழவரும் மயான வாசலில் ஆளையாள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். செத்த மனுசியின் கடைசிச் சொல், மறுக்க முடியுமா? பெட்டி பாரமான ஓக் மரம். வெள்ளைப் பெட்டி பாரம் குறைவு, மலிவு, எல்லோரும் அதைத்தான் எடுப்பார்கள். அக்கா ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு படம் பார்த்து ஓக்கைத் தெரிவு செய்தாராம். மயான ஊழியர் சில்லு வைத்த வண்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார். மகள் டெனிசில் வேண்டாம் என்றாள்.

"வண்டி வேண்டாமாம் மாமா. இடையிலை ஆள் மாத்தவும் கூடாதாம். அம்மா எழுதி வைச்சவ."

பிடியில் கை வைக்க முதல் அவளிடம் மெல்லக் கேட்டேன். "பிள்ளை, மற்ற அஞ்சு பேரும் எனக்கு விளங்குது. நான் ஏன்? நான் அம்மாவோடை நிண்டனான் எல்லே."

அவள் தமிழில் சொல்லத் தேடினாள். "எனக்கு வடிவாய்த் தெரியாது. நானும் கேட்டனான். கடைசி வரிசையிலை நிண்டு சிரிச்சவர் எண்டு மட்டும் சொன்னவ."

தூக்கினோம். சரளைக் கல் பாதை, வாசலில் இருந்து குழி வரைக்கும் நீளம். எனக்கு எதிர்ப்பக்கம் தலைவர் அண்ணை. முழங்கால் சத்திரசிகிச்சை செய்த மனிதர், மூச்சு இரைத்தது. பாதி தூரம் போகவில்லை, "தம்பி, ஒருக்கா இறக்கிப்போட்டுப் போவமே" என்று கேட்டார்.

"இல்லை அண்ணை" என்றேன். "நடவுங்கோ."